அந்த உடுப்பை யார் கொடுத்தார்கள்? – வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் என் கதையைச் சுருக்கமாக எழுதியிருந்தேன். 11 வருடம் குடி, அதில் கடைசி 3 வருடம் வீடு வாசல் இல்லாமல் கொழும்பு புறக்கோட்டைக் கடைப்படிகளில் படுக்கை, அப்புறம் ஒரு கிறிஸ்தவக் கோயில் குழுவின் கையைப் பிடித்து எழும்பி வந்தது, 2014 முதல் இன்றுவரை ஒரு சொட்டும் தொடாமல் இருப்பது. அதைப் படித்துவிட்டு நிறையப் பேர் எழுதியிருக்கிறீர்கள். இந்த முறை ஐந்து கடிதங்களை எடுத்திருக்கிறேன், எழுதியவர்களின் பெயர்களைப் போடவில்லை. நான் டாக்டரும் இல்லை, பாதரும் இல்லை. பட்டதையும், பிறகு 10 வருடத்துக்கு மேலாக மற்றவர்களோடு ஆஸ்பத்திரிக்கும் கோயிலுக்கும் அலைந்ததில் தெரிந்துகொண்டதையும்தான் சொல்கிறேன்.

கேள்வி: என் மகனுக்கு 26 வயது. முதலில் குடு (ஹெரோயின்), இப்போது ஐஸ் என்கிற போதைப்பொருள். வீட்டிலிருந்த காஸ் சிலிண்டர், மகளின் சங்கிலி எல்லாம் போய்விட்டது. போன வருடம் என் கணவர் அவனை வெளியே தள்ளிக் கதவைப் பூட்டினார். கோட்டை ஸ்டேசன் பக்கம் படுக்கிறான் என்று ஆட்கள் சொல்கிறார்கள். ஒவ்வொரு செவ்வாயும் கொச்சிக்கடைக்குப் போய் மெழுகுதிரி கொளுத்துகிறேன். அந்தோனியார் என் மன்றாட்டைக் கேட்கவில்லையா? அவனைத் திரும்ப வீட்டுக்குள் எடுக்கட்டுமா, வேண்டாமா?
– ஒரு தாய், ஜம்பட்டா வீதி

அம்மா, உங்கள் கடிதத்தை இரண்டு நாள் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தேன். என் அம்மாவும் செவ்வாய்க்கிழமைகளில் கொச்சிக்கடைக்குத்தான் போவார். மெனிங் சந்தை 2020இல் பேலியகொடைக்குப் போவதற்கு முன், அது புறக்கோட்டையில் இருந்த காலத்தில், நான் அங்கே மூட்டை தூக்கி அந்தக் கூலியை அன்றைக்கே குடித்துவிட்டுக் கிடந்தேன். அம்மா மன்றாட்டு முடிந்து வரும்போது நேரே வீட்டுக்குப் போகாமல் ஒவ்வொரு நடைபாதையாகப் பார்த்துக்கொண்டு வருவாராம். ஒருநாள் அவர் தூரத்தில் வருவதைக் கண்டு வெங்காய மூட்டைகளுக்குப் பின்னால் ஒளிந்தேன். அவர் கையில் ஒரு சோற்றுப் பார்சல் இருந்தது. அதை அங்கே படுத்திருந்த இன்னொருவருக்குக் கொடுத்துவிட்டுப் போனார். உங்கள் மன்றாட்டைக் கேட்டாரா இல்லையா என்று சொல்ல நான் ஆளில்லை அம்மா. ஆனால் என் அம்மா கேட்டது எனக்கு வந்து சேர்ந்தது, அது அடுத்த மனிதர்களின் கை வழியாகத்தான் வந்து சேர்ந்தது. அதனால் மெழுகுதிரியை விடாதீர்கள், அதோடு சில மனிதர்களையும் தேடிக்கொள்ளுங்கள்.

மாற்கு 5ஆம் அதிகாரத்திலும் லூக்கா 8ஆம் அதிகாரத்திலும் வருகிற அந்த மனிதனின் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். வீட்டில் இருக்காமல் கல்லறைகளில் கிடந்தவன், உடம்பில் துணி இல்லாதவன், சங்கிலி போட்டுக் கட்டினாலும் அறுத்துக்கொண்டு ஓடியவன், தன்னையே கல்லால் காயப்படுத்திக்கொண்டவன். அதைப் படிக்கிற எனக்கு ஐஸ் அடித்து நான்கு நாள் தூங்காத பிள்ளைகளின் முகம்தான் கண்ணுக்கு வரும். இயேசு அவனைக் குணமாக்குகிறார். ஊரார் வந்து பார்க்கும்போது அவன் உடுத்தி, புத்தி தெளிந்து உட்கார்ந்திருக்கிறான். நான் கிடந்து எழும்பிய பிறகு அந்த இடத்தை வாசித்தபோது ஒரு கேள்வி வந்தது: அந்த உடுப்பை யார் கொடுத்தார்கள்? வேதத்தில் எழுதவில்லை. கல்லறையில் உடுப்புக் கடை இல்லையே. அங்கே நின்ற யாரோ ஒருவர் தன் மேல்துணியைக் கழற்றிக் கொடுத்திருக்க வேண்டும். பிசாசை ஓட்டுகிற வேலையை ஆண்டவர் செய்தார், உடுப்புக் கொடுக்கிற வேலையை மனிதர்களுக்கு விட்டுவிட்டார் என்றுதான் நான் விளங்கிக்கொள்கிறேன். உங்கள் மகனுக்கும் அந்த இரண்டும் வேண்டும்.

இனி வீட்டுக்குள் எடுப்பதைப் பற்றி. அவன் பாவித்துக்கொண்டிருக்கும் நிலையில், வீட்டில் ஒரு பெண்பிள்ளையும் இருக்கும்போது, படுக்க இடம் கொடுக்க வேண்டாம் என்றே சொல்வேன். சொல்லக் கஷ்டமாக இருக்கிறது. ஆனால் வீட்டுக்குள் எடுக்காததும் பிள்ளையைக் கைவிடுவதும் ஒன்றில்லை. நீங்கள் போய் அவனைப் பாருங்கள். கிழமையில் ஒரு நாள், ஒரே நேரம், ஒரே இடம். தனியாகப் போகாதீர்கள், கோயிலில் நம்பிக்கையான ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். சாப்பாடு கொடுங்கள், காசு கையில் கொடுக்கவே வேண்டாம், மருந்து வாங்கவென்று அழுதாலும் நீங்களே வாங்கிக் கொடுங்கள். பழசைக் கிளறாதீர்கள், சங்கிலியைப் பற்றிக் கேட்காதீர்கள். ஒரே ஒரு வசனம் மட்டும் ஒவ்வொரு முறையும் சொல்லிவிட்டு வாருங்கள்: “மகன், சிகிச்சைக்கு வருகிறாய் என்றால் இப்பவே ஓட்டோ பிடிக்கிறேன்.”

அப்படிச் சொல்வதற்கு முன்னால் போக ஒரு இடம் பார்த்து வைத்திருக்க வேண்டும், இதில்தான் பல குடும்பங்கள் கோட்டை விடுகின்றன. அவனுக்கு மனம் வருகிற நேரம் ஒரு மணித்தியாலம்கூட நிற்காது. “சரி, வாறன்” என்று அவன் சொல்லும்போது நாங்கள் யாரிடம் கேட்கலாம் என்று யோசித்தால் அந்த நேரம் போய்விடும். ஆகவே இந்தக் கிழமையே தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபைக்கு அழையுங்கள்.   ஹோர்ட்டன் பிளேஸில் சுமித்ரயோ என்ற தொண்டு அமைப்பு நடத்தும் ‘மெல் மெதுர’ என்ற ஆலோசனை நிலையம் இருக்கிறது, காசு வாங்குவதில்லை, விஷயம் வெளியே போகாது. பிள்ளை வராவிட்டாலும் தாய் தகப்பன் போய்க் கதைக்கலாம். நீங்கள் முதலில் போங்கள் அம்மா, இத்தனை நாளும் தனியாகச் சுமந்திருக்கிறீர்கள்.

இரண்டு ஆபத்துகளைச் சொல்லிவிடுகிறேன். ஐஸை விட்டவர்கள் முதலில் நாள்கணக்கில் தூங்குவார்கள், பிறகு மனம் ஒரேயடியாக இருண்டுவிடும், சாக வேண்டும் என்ற எண்ணம் வருவது அப்போதுதான். அப்படி ஏதாவது பேசினால் தனியே விடாமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள், 1926 என்ற மனநல இலக்கத்துக்கும் அழைக்கலாம். குடுவை விட்டவர்களுக்கு ஆபத்து வேறு மாதிரி. மூக்கு ஒழுகும், உடம்பு முறியும், வயிறு போகும், இரண்டாம் மூன்றாம் நாள் உச்சம், ஒரு கிழமையில் பெரும்பாலும் அடங்கிவிடும். ஆனால் சில மாதம் நிறுத்தியவன் திரும்பப் பழைய அளவையே எடுத்தால் உடம்பு தாங்காது, மூச்சு நின்றுவிடும். என்னோடு ஒரே அறையில் இருந்த ஒரு தம்பியை அப்படித்தான் இழந்தோம். அதனால் சிகிச்சை முடிந்தவுடன் பக்கெட் விற்கிற அதே ஒழுங்கைக்கு அவனைக் கொண்டுவராதீர்கள். சொந்தக்காரர் வீடோ, கோயில் பார்த்துத் தருகிற அறையோ, ஆறு மாதமாவது வேறு இடத்தில் இருக்கட்டும்.

உங்கள் கணவரிடமும் ஒன்று சொல்லுங்கள். கதவைப் பூட்டிய தகப்பன்தான் அன்றிரவு அதிகம் அழுதவராக இருந்திருப்பார். அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

கேள்வி: என் கணவர் 15 வருடமாகத் தினமும் குடிக்கிறார். காலையில் குடிக்காவிட்டால் கை நடுங்கும். எங்கள் பாஸ்டர், மூன்று நாள் உபவாச ஜெபத்தில் அறைக்குள் வைத்தால் விடுதலை கிடைக்கும், மருந்துக்குப் போவது அவிசுவாசம் என்கிறார். என்ன செய்ய?
– ஒரு சகோதரி, வத்தளை

தங்கச்சி, தயவு செய்து அறைக்குள் பூட்ட விடாதீர்கள். முதலில் டாக்டர்.

காலையில் கை நடுங்குகிறது என்றால் உடம்பு குடிக்குப் பழகிப்போய்விட்டது. அந்த நிலையில் இருப்பவர் சட்டென்று நிறுத்தினால் முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நாலாம் நாள் வரைக்குள் ஆளே மாறி, இல்லாததெல்லாம் கண்ணில் தெரிந்து, காய்ச்சல் ஏறி, இதயம் படபடத்து, கவனிக்காமல் விட்டால் உயிரே போகலாம். அதுவும் சாப்பாடு இல்லாத மூன்று நாள்! குடிகாரர்களுக்கு உடம்பில் தயமின் என்ற பி1 விட்டமின் வற்றிப்போய் இருக்கும், அது இல்லாமல் மூளை பழுதாகும், அதனால் ஆஸ்பத்திரியில் முதலில் அதைத்தான் ஏற்றுவார்கள். என்னையும் ஒரு ஜெப வீட்டில் இப்படிப் பூட்டினார்கள். இடத்தின் பெயர் வேண்டாம். இரண்டாம் நாள் இரவு வலிப்பு வந்து நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவர்கள் அதைப் பிசாசு போகிற அடையாளம் என்று நினைத்துச் சத்தமாக ஜெபித்தார்கள், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவில்லை. உயிர் தப்பியது ஆண்டவரின் கிருபை. அவர்கள் கெட்டவர்கள் இல்லை, அழுது அழுது ஜெபித்தவர்கள்தான். ஆனால் தெரியாததைத் தெரியாது என்று சொல்லியிருக்கலாம்.

லூக்கா நற்செய்தியை எழுதியவரைப் பவுல் ‘பிரியமான வைத்தியன்’ என்றே கொலோசெயருக்கு எழுதிய நிருபத்தில் சொல்கிறார். பாஸ்டரிடம் அதைப் பணிவாகச் சொல்லிப் பாருங்கள். ஜெபம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, வார்ட்டுக்கு வெளியே வாங்கில் உட்கார்ந்து அவரும் ஜெபிக்கட்டும். அங்கே ஒரு பாஸ்டர் வந்து உட்கார்ந்திருப்பதைப் பார்ப்பது நோயாளிக்கு எவ்வளவு பெரிய பலம் என்பது எனக்குத் தெரியும்.

கேள்வி: நாங்கள் சைவம். தம்பியை ஒரு கிறிஸ்தவ இல்லத்தில் சேர்க்கலாம் என்கிறார்கள். மதம் மாறச் சொல்வார்களோ என்று அப்பா பயப்படுகிறார். மாறாமல் குணமாக முடியாதா?
– ஓர் அக்கா, வெள்ளவத்தை

முடியும். மாறச் சொல்வது நிபந்தனையாக இருந்தால் அங்கே சேர்க்க வேண்டாம். நான் இயேசுவை நம்பி எழும்பியவன், அதை எங்கேயும் மறைப்பதில்லை. ஆனால் நடுங்கிக்கொண்டிருக்கிற ஒருவனிடம் “ஞானஸ்நானம் எடு, கட்டில் தருகிறேன்” என்று சொல்வதை இயேசு செய்ததாக நான் எங்கும் வாசிக்கவில்லை. கொச்சிக்கடையில் செவ்வாய்க்கிழமை வந்து நிற்கிறவர்களில் எத்தனை பேர் பொட்டோடும் பூவோடும் நிற்கிறார்கள் என்று அப்பாவைக் கூட்டிக்கொண்டுபோய்க் காட்டுங்கள், யாரும் யாரையும் எந்த மதம் என்று கேட்பதில்லை.

சேர்ப்பதற்கு முன் நீங்களே நேரில் போய்ப் பாருங்கள். 2007ஆம் ஆண்டின் 54ஆம் இலக்கச் சட்டத்தின்படி போதை சிகிச்சை நிலையம் நடத்துவதற்கு அனுமதிப் பத்திரம் வேண்டும், அதைக் காட்டச் சொல்லுங்கள், கேட்கக் கூச்சப்பட வேண்டாம். டாக்டர் எத்தனை நாளுக்கொரு தடவை வருகிறார், வீட்டார் எப்போது வந்து பார்க்கலாம், தம்பி போக விரும்பினால் விடுவார்களா, இதையெல்லாம் கேளுங்கள். அடிப்பது, சங்கிலி போடுவது, “இங்கே விட்டுவிட்டு மூன்று மாதம் வராதீர்கள்” என்பது, இதில் ஒன்று இருந்தாலும் திரும்பி வந்துவிடுங்கள், வாசலில் எந்த மதத்தின் படம் மாட்டியிருந்தாலும் சரி. தம்பி அங்கே இருக்கும்போது தேவாரம் பாட விரும்பினால் பாட விடுவார்களா என்றும் கேளுங்கள். நல்ல இடம் என்றால் விடுவார்கள்.

கேள்வி: நாங்கள் ஒரு கோயிலின் இளைஞர் குழு. மாதத்தில் ஒரு சனிக்கிழமை இரவு புறக்கோட்டையில் படுத்திருப்பவர்களுக்குச் சோற்றுப் பார்சல் கொடுக்கிறோம். ஒரு வருடம் ஆகிவிட்டது, ஒருவரும் மாறியதாகத் தெரியவில்லை. வேறு என்ன செய்யலாம்?
– இளைஞர்கள், முகத்துவாரம்

தம்பிமார், தங்கச்சிமார், முதலில் ஒரு நன்றி. நான் அந்தப் பார்சலைச் சாப்பிட்டவன்.

ஆனால் உண்மையையும் சொல்ல வேண்டும். பார்சல் தந்த நூறு பேரின் முகம் எனக்கு ஞாபகம் இல்லை. ஒரு ஐயாவின் முகம் மட்டும்தான் இருக்கிறது. அவர் வியாழக்கிழமை பின்னேரங்களில் ஒரு பிளாஸ்கில் பிளேன்டீ கொண்டு வருவார், கடைகள் ஷட்டர் போடுகிற நேரத்தில் படியில் என் பக்கத்தில் உட்காருவார். முதல் நாள் என் பெயரைக் கேட்டார். இரண்டாம் கிழமை அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். மூன்று வருடமாக என்னை எல்லாரும் “டேய்”, “ஏய்”, “குடிகாரன்” என்று மட்டும் கூப்பிட்ட இடத்தில் என் அம்மா வைத்த பெயர் காதில் விழுந்தபோது எனக்கு எப்படி இருந்தது என்று இன்றைக்கும் எழுதத் தெரியவில்லை. அவர் பிரசங்கம் ஒன்றும் பண்ணவில்லை. ஐந்து மாதம் வந்தார். ஆறாவது மாதம் நான்தான் கேட்டேன், ஐயா, ஏதாவது வழி இருக்கிறதா என்று. அதற்குப் பிறகும் நான் இரண்டு தடவை திரும்ப விழுந்தேன், அவர் அப்போதும் அதே பிளாஸ்கோடு வந்தார்.

ஆகவே மாதத்துக்கு ஒரு தரம் 80 பார்சல் என்பதைக் குறைத்து, கிழமைக்கு ஒரு தரம் எட்டுப் பேர் என்று ஆக்குங்கள். போகிற ஆட்களை மாற்றாதீர்கள். படம் எடுக்காதீர்கள், இதை நான் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன். படுத்திருக்கிறவன் முகத்தை அவன் பிள்ளைகளும் போனில் பார்க்கக்கூடும்.

அடுத்தது அடையாள அட்டை. வீதியில் படுக்கிறவனுக்கு முதலில் களவு போவது அதுதான். அது இல்லாமல் ஒழுங்கான வேலை இல்லை, வங்கிக் கணக்கு இல்லை, வாடகை அறை இல்லை, பொலிஸ் நிறுத்தினால் சொல்லப் பதிலும் இல்லை. புதிதாக எடுப்பதென்றால் பொலிஸ் முறைப்பாடு வேண்டும், கிராம சேவகர் உறுதிப்படுத்த வேண்டும். கிராம சேவகர் விலாசம் கேட்பார், விலாசம் இல்லாததுதானே இவனுடைய பிரச்சினையே! இந்த இடத்தில்தான் ஒரு கோயிலால் உதவ முடியும். பங்குத் தந்தையிடம் கதைத்து, ஒருவரின் பழைய ஊர், பிறப்புச் சான்றிதழ் எல்லாம் தேடி, கிராம சேவகரிடம் நீங்களே கூடப் போய், தேவைப்பட்டால் பத்தரமுல்லை ஆட்பதிவுத் திணைக்களம் வரைக்கும் போய் வாருங்கள். ஒரு வருடத்தில் மூன்று பேருக்கு அட்டை எடுத்துக் கொடுத்தாலே பெரிய காரியம். அதோடு குளிக்க ஒரு இடம், தாடி வழிக்க ஒரு ரேசர், நாற்றமில்லாத ஒரு சட்டை. கோயில் மண்டபத்துக்குப் பின்னால் ஒரு குழாய் இருந்தால் போதும்.

பசியில் இருப்பவனிடம் வேதம் பேசுமுன் சாப்பாடு என்பது இரட்சணிய சேனைக்காரரின் பழைய வழக்கம். 1865இல் லண்டனின் கிழக்குச் சேரிகளில் வில்லியம் பூத்தும் அவர் மனைவி கேத்தரினும் தொடங்கியது, 1883இல் கொழும்புக்கும் வந்துவிட்டது.

இன்னொன்று: எழும்பி வந்த ஒருவரைக் குழுவில் சேர்த்துக்கொள்ளுங்கள். குடியை விட நினைப்பவர்கள் ஒருவருக்கொருவர் துணை நிற்கிற ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் இயக்கம் தொடங்கிய கதை அதுதான். 1935இல் பில் வில்சன் என்பவர் குடியை விட்டுச் சில மாதம்தான், வியாபாரம் தோற்றுப்போய் அமெரிக்காவின் அக்ரன் நகரத்தில் ஒரு ஹோட்டலில் தனியாக நிற்கிறார். ஒரு பக்கம் மதுக்கூடத்தின் சத்தம், மறுபக்கம் ஒரு டெலிபோனும் ஊர்த் தேவாலயங்களின் பட்டியலும். அவர் டெலிபோனை எடுத்து ஒரு போதகரைப் பிடித்து, பேசுவதற்கு இன்னொரு குடிகாரன் வேண்டும் என்று கேட்டார். அப்படிக் கிடைத்தவர்தான் டாக்டர் பாப் ஸ்மித். அவர் கடைசியாகக் குடித்த 1935 ஜூன் 10ஐத்தான் அந்த இயக்கம் தன் பிறந்தநாளாக வைத்திருக்கிறது. உங்கள் குழுவில் எல்லாரும் நல்ல பிள்ளைகள், அது சந்தோசம். ஆனால் படுத்திருக்கிறவனுக்கு “நானும் இந்தப் படியில்தான் கிடந்தேன்” என்று சொல்ல ஒருவர் வேண்டும். வேறு யாரும் இல்லை என்றால் என்னைக் கூப்பிடுங்கள், சனிக்கிழமை எனக்கு வேலை இல்லை.

கேள்வி: விட்டு 40 நாள். ஒரு நண்பனின் கடைக்குப் பின்னால் படுக்கிறேன். ஞாயிறு பூசைக்குப் போனால் பக்கத்தில் இருப்பவர்கள் தள்ளி உட்காருகிறார்கள். ஒரு அம்மா கைப்பையை மறுபக்கம் மாற்றினார். திரும்ப விழுந்துவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது.
– ஒருவர், கிராண்ட்பாஸ்

தம்பி, 40 நாள்! இயேசு பாலைவனத்தில் இருந்த நாள் கணக்கு. யாரும் கைதட்டாவிட்டாலும் நான் இங்கிருந்து தட்டுகிறேன்.

கைப்பையை மாற்றியது எனக்கும் நடந்திருக்கிறது. வலிக்கும்தான். அந்த அம்மாவின் வீட்டிலும் யாரோ ஒருவன் சங்கிலியை எடுத்துக்கொண்டு போயிருக்கலாம் என்று நினைத்துக்கொள்ளுங்கள், கொஞ்சம் லேசாகும். நம்பிக்கை திரும்பி வர நாங்கள் குடித்த அளவு காலம் எடுக்கும் என்று எனக்கு ஒருவர் சொன்னார். எனக்கு அவ்வளவு எடுக்கவில்லை, ஆனால் நாலு வருடம் எடுத்தது. அக்கா என்னைத் தன் வீட்டில் தனியே விட்டுவிட்டுக் கடைக்குப் போன அந்த நாள் இன்னும் ஞாபகம் இருக்கிறது.

விழுவதைப் பற்றி: அமெரிக்காவின் போதைப்பொருள் ஆய்வு நிறுவனம் சொல்கிற கணக்கு, விட்டவர்களில் 40 முதல் 60 சதவீதம் பேர் ஒரு கட்டத்தில் திரும்ப எடுக்கிறார்கள், பிரஷர், ஆஸ்துமா நோயாளிகள் மருந்தை விட்டுத் திரும்ப நோயில் விழுவதைப் போலத்தான் என்று. இதை விழுவதற்கு அனுமதியாக எடுக்காதீர்கள். விழுந்தால் ஒளிய வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன். ஒளிந்த இடத்தில்தான் ஆட்கள் சாகிறார்கள். இரவு பத்து மணிக்குக் கை துடித்தால் கூப்பிட ஒரு இலக்கம் வேண்டும், அதை இன்றைக்கே ஒரு துண்டில் எழுதிப் பையில் வையுங்கள். பசி, கோபம், தனிமை, களைப்பு, இந்த நாலில் எது வந்தாலும் முதலில் அதைக் கவனியுங்கள், பாதி ஆசை அதிலேயே அடங்கும். கடைக்குப் பின்னால் படுப்பது நிரந்தரமாக வேண்டாம், நண்பன் இன்னும் குடிப்பவனாக இருந்தால் இந்த மாதமே மாறிவிடுங்கள். பங்குத் தந்தையிடம் வெட்கப்படாமல் கேளுங்கள், அறை இல்லாவிட்டாலும் அறை உள்ள ஆளை அவருக்குத் தெரிந்திருக்கும்.

எந்தக் கோயில், எத்தனை மணிப் பூசை என்று பத்திரிகை விலாசத்துக்கு ஒரு வரி எழுதிப் போடுங்கள். வருகிற ஞாயிறுகளில் நான் வருகிறேன், உங்கள் பக்கத்தில் உட்காருகிறேன்.